இரண்டாம் நாயனம் நின்ற பிறகு: ஒரு நிகழ்வு ஆய்வு

காவிரிப் படுகையில் நாகஸ்வரம், பேச்சு வழக்கில் நாயனம், மங்கல வாத்தியம். கல்யாணம், காதுகுத்து, சுவாமி புறப்பாடு, கும்பாபிஷேகம் என்று நல்லது நடக்கும் இடத்துக்குத்தான் அதை அழைப்பார்கள். வாய்ப்பாட்டுக்காரர் மனம் சரியில்லாத நாளில் ஒரு விருத்தத்தில் அதை இறக்கி வைக்கலாம். சொல் துணைக்கு வரும். நாயனக்காரருக்குச் சொல்லும் கிடையாது, அனுமதியும் கிடையாது. வீட்டில் சாவு விழுந்து கருமாதி முடிந்தால் அடுத்த முகூர்த்தத்திலேயே பந்தலில் உட்கார்ந்து, சாஸ்திரிகள் கை காட்டியதும் கெட்டிமேளத்தோடு உச்சத்துக்கு ஏற வேண்டும். துக்கத்துக்கு வெளிப்படையாக இடம் தராத ஒரு வாத்தியத்தில் அது எங்கே போய்த் தங்குகிறது என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது.

எடுத்துக்கொண்ட நிகழ்வு இது. இரட்டை நாயனம் வாசித்த அண்ணன் தம்பியில் அண்ணன் இறந்துபோகிறார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் தம்பியின் வாசிப்பு மாறுகிறது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட ஊர்களில் மேளக் குழுக்களுக்கு நேர்பவற்றை ஒரே ஜோடியின் கதையாகத் தொகுத்திருக்கிறோம். ஆகவே பேரும் ஊரும் இல்லை.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். துக்கம் ராகத் தேர்வில் தெரிவது கடைசியாகத்தான். முதலில் மூச்சில் தெரியும், பிறகு சீவாளியில் (நாயனத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு), பிறகு எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதில். கேட்பவர்கள் ‘அண்ணன் போனப்பறம் வாசிப்புல என்ன உருக்கம்’ என்று சொல்வதில் ஒரு பங்கு உடம்பின் தளர்ச்சி. இன்னொரு பங்கு, அந்தத் தளர்ச்சியை வைத்துக்கொண்டு கலைஞர் எடுத்த முடிவுகள். இரண்டையும் பிரித்துப் பார்க்காதவர்கள் தளர்ச்சியையே கலை என்று கொண்டாடி ஆளைக் கெடுத்துவிடுகிறார்கள்.

ஜோடியில் யாருக்கு என்ன வேலை

இரட்டை நாயனத்தை ஒரே நாயனம்போல ஒலிக்க வைப்பது தனி வித்தை. திருவீழிமிழலை சகோதரர்கள் அதில் பேர் வாங்கியவர்கள். கீர்த்தனையில் இருவரும் ஒரே வரியைச் சேர்ந்து ஊதுவார்கள். ஆனால் இருவரும் ஒரே இடத்தில் மூச்செடுக்கக் கூடாது. மூத்தவர் வரி முடிவில் எடுப்பவர் என்றால் இளையவர் வரி நடுவில், ஒரு கார்வையின் (நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தின்) வாலில் எடுத்துக்கொள்வார். இதை யாரும் பேசி வைத்துக்கொள்வதில்லை. வருஷக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அடுத்தவரின் தோள் ஏறுவதிலேயே தெரிந்துவிடும். இப்படி மாற்றி மாற்றி எடுப்பதால் வெளியே கேட்கும் சங்கீதத்தில் ஓட்டையே விழாது.

ஆலாபனையில் முறை வேறு. ஒருவர் விரிக்கும்போது மற்றவர் ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ கார்வை பிடிப்பார், அல்லது நாயனத்தை இறக்கி உதட்டை ஆறப்போடுவார். நாலு வீதி சுற்றும் இரவுப் புறப்பாடு மூன்று மணி நேரம் நீண்டால்கூட ஒருவர் தனியாகப் பளு சுமப்பது அதில் ஒரு பகுதிதான். நாம் எடுத்துக்கொண்ட ஜோடியில் கீழ் ஸ்தாயியில் ராகத்தைத் தொடங்கி மத்திய ஸ்தாயி வரை கட்டுவது அண்ணன். தாரத்தில், அதாவது மேல் ஸ்தாயியில், ஏறி பிர்கா என்னும் வேகச் சுழற்சிகளைப் போடுவது தம்பி. ஊரில் பேர் தம்பிக்குத்தான். மூத்தவர் அஸ்திவாரம் போட்டுக் கொடுத்ததை, அவர் இல்லாமல் போன பிறகுதான் ஊர் கவனித்தது.

வாத்தியத்தையும் பார்க்க வேண்டும். இருவரிடமும் இருந்தது பாரி நாயனம், இரண்டு கட்டை சுருதி (கட்டை கூடக் கூடச் சுருதி உயரும்). நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பரவலாக்கிய நீள நாயனம் இது. அதற்கு முன் செல்வாக்கோடு இருந்த திமிரி என்ற குட்டை நாயனம் நாலு, ஐந்து கட்டையில் கூவும். குழல் நீண்டதால் பாரிக்குக் காற்று அதிகம் வேண்டும், விரலும் அகல வேண்டும். இரண்டு நாயனமும் நரசிங்கம்பேட்டையில் ஒரே கையால் கடைந்தவை. அங்கே ஆச்சா மரத்தில்தான் உலவு, அதாவது நாயனத்தின் குழல், செய்கிறார்கள். அதுவும் பழைய வீடு பிரிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த உத்தரம், தூண் போன்ற மரத்தைத் தேடி வாங்குவார்கள். புது மரம் நாளாக நாளாக வளையும், வெடிக்கும். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலவில் விரலுக்கு ஏழு துளை, அதற்குக் கீழே இன்னும் ஐந்து துளை உண்டு. அந்த ஐந்தையும் மெழுகால் கூட்டிக் குறைத்து சுருதியைச் சரிக்கட்டுவார்கள். ஜோடி நாயனம் என்றால் இந்த மெழுகு வேலை இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் தார ஷட்ஜத்தில் இரண்டும் உரசி அலை அலையாகக் கேட்கும்.

சாவு, தீட்டு, முன்பணம்

அண்ணன் இறந்தது மாசிக் கடைசியில். நாள் குறித்தா சாவு வருகிறது என்று கேட்கலாம். ஆனால் மேளக்காரர் வீட்டில் எந்த மாதத்தில் சாவு விழுகிறது என்பது பிறகு நடக்கும் பலவற்றைத் தீர்மானிக்கிறது. ஆடியிலோ மார்கழியிலோ என்றால் கல்யாண முகூர்த்தம் கிடையாது. உதட்டுக்கும் மனசுக்கும் ஒரு மாதம் தானாகக் கிடைக்கும். மாசிக் கடைசி என்றால் அடுத்து பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, வைகாசி முகூர்த்தம் என்று வரிசையாக நிற்கும். கல்யாணங்களுக்கு முன்பணம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது.

கோயில் பக்கம் இன்னொரு சிக்கல். பல கோயில்களில் மேளம் முறைக்காரர் குடும்பத்தின் பொறுப்பு. பங்காளிகள் மாதத்துக்கோ வருஷத்துக்கோ முறை வைத்து வாசிப்பார்கள். சாவு விழுந்தால் தீட்டு வீட்டோடு நிற்காது, பங்காளி எல்லோருக்கும் உண்டு. முறை மாற்றிக்கொள்ளக்கூட ஆள் இருக்காது. வேறு குடும்பத்து மேளத்தைத்தான் கோயில் அழைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சடங்கு. வீட்டுக்குள் இருப்பவருக்கோ தன் கோயிலில் வேறு மேளம் ஒலிப்பது தெருமுனையிலிருந்து காதில் விழும். துக்கத்தோடு, இடம் போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும் இடம் இது. பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் தம்பி அவசரமாக நாயனத்தை எடுத்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

உதடு முதலில் கைவிடும்

அந்தப் பதினாறு நாளும் அவர் நாயனத்தைத் தொடவில்லை. நாகஸ்வரக்காரருக்கு அது நீண்ட இடைவெளி. உதட்டைச் சுற்றிய தசை தினசரி ஊதலில் இறுகியிருக்கும். இரண்டு வாரம் விட்டால் தளரும். அதோடு தூக்கமில்லை, சாப்பாடு சரியில்லை, நெஞ்சு இறுகி மூச்சு மேலாகவே ஓடும். துக்கத்தில் இருப்பவர் அடிக்கடி பெருமூச்சு விடுவார். வாசிப்பில் அது எந்த இடத்தில் வரும் என்று அவருக்கே தெரியாது. முன்பு ஒரு மூச்சில் போன வரி இப்போது இரண்டு மூச்சு கேட்கும்.

பங்குனிப் புறப்பாட்டில் மல்லாரிதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. மல்லாரி கம்பீர நாட்டை ராகத்தில் வரும். சாகித்தியம் (பாடல் வரி) இல்லை, மூன்று காலத்திலும் தாளத்துக்கு அணுவளவு பிசகாமல் போக வேண்டும், தவில் முழு முழக்கத்தில் இருக்கும். அதில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. வழக்கமாக இருவர் பங்கிட்ட மூச்சை ஒருவரே எடுக்கப்போய், மூன்றாம் காலத்தில் தார ஷட்ஜம் இறங்கிக் கேட்டது. நாலாம் நாள் உதட்டின் உள்பக்கம் புண்.

இப்படி ஒருவர் திரும்பி வரும்போது படுகையின் பெரிய வாத்தியார்கள் என்ன செய்யச் சொல்வார்கள்? முதல் வாரம் கச்சேரி கிடையாது. காலையில் வாய்விட்டு ‘ஆ’ என்று பாடும் அகார சாதகம், அரை மணி. அதன்பின் வழக்கத்தைவிட மெல்லிய, எளிதில் பேசும் சீவாளி ஒன்றைப் போட்டு, கீழ் ஸ்தாயி நீளக் கார்வைகள் மட்டும். பத்து நிமிஷம் ஊதினால் பத்து நிமிஷம் ஓய்வு. ஒரு வேளைக்கு நாலு சுற்றுக்கு மேல் வேண்டாம். இரண்டாம் வாரம் சரளி வரிசை மூன்று காலம், மேல் ஷட்ஜத்தோடு நிறுத்திக்கொள்வது. தாரத்தில் காந்தாரம், மத்திமம் எல்லாம் மூன்றாம் வாரத்தில். துத்துக்காரத்தைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். நாக்கால் வெட்டி வெட்டி ஊதும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் காற்றின் அழுத்தம் எகிற வேண்டும். தளர்ந்த உதடு அதைத் தாங்காமல் ஸ்வரம் மழுங்கும். உதட்டில் புண் வந்துவிட்டால் ஆறும்வரை சீவாளி படக்கூடாது. வெண்ணெய் தடவிக்கொண்டே ஊதுகிறவர்கள் புண்ணை மாதக்கணக்கில் இழுத்துக்கொள்வார்கள்.

இந்தத் தம்பிக்கு மூன்று வாரம் எங்கே கிடைக்கும்? கிடைக்கவில்லை. துத்துக்காரம் வராததால் அகாரத்திலேயே, வெட்டில்லாமல் இழைத்து இழைத்து ஊத ஆரம்பித்தார். பிர்கா குறைந்தது, கார்வை நீண்டது. ஊர் இதைத்தான் உருக்கம் என்றது. எங்கள் பார்வையில் அந்த முதல் மூன்று நாலு மாத வாசிப்பு உருக்கம் அல்ல. காயம்பட்டவர் வலியில்லாத கால் வைத்து நடந்தது. ஆனால் வந்த பாராட்டு அவரை அதிலேயே நிற்க வைக்கப் பார்த்தது. இந்தக் கட்டத்தில் நின்றுவிடும் கலைஞர்கள் உண்டு. ஐந்து வருஷம் கழித்துக் கேட்டாலும் அதே இழைப்புதான் இருக்கும், துத்துக்காரம் திரும்பியிருக்காது.

அண்ணனின் சீவாளி

நாயனத்தில் தொங்கும் சரட்டில் உபரிச் சீவாளிகளும் தந்தக் குச்சியும் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குச்சி சீவாளியின் வாயைத் திறக்கவும் உள்ளே சேர்ந்த எச்சிலை நீக்கவும். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையை அறுத்து, காயவைத்து, நாளாகப் பதப்படுத்தி, நெல்லோடு வேகவைத்து, மறுபடி உலர்த்தி, மடித்து நூல் கட்டிச் சீவாளி ஆக்குகிறார்கள். திருவாவடுதுறை இதற்குப் பேர்போன ஊர். வாங்கியதும் அப்படியே ஊத முடியாது. வாயில் ஊறவைத்து, ஓரத்தைச் செதுக்கி, சில நாள் ஊதிப் பழக்கினால்தான் ஊதுகிறவரின் உதட்டுக்கு அது படியும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஊறிப் பருத்து மந்தமாகப் பேசும். சித்திரை வெயிலில் வறண்டு கிரீச்சிடும். ஆகவே பருவத்துக்கு ஏற்றதாக நாலைந்து எப்போதும் தயாராக இருக்கும்.

அண்ணன் விட்டுப்போன சீவாளிகளைத் தம்பி தன் கெண்டையில் (சீவாளியைத் தாங்கும் சிறு உலோகக் குழாய்) செருகி ஊதினார். இது அநேகமாக எல்லா வீட்டிலும் நடப்பதுதான், யாரும் தடுப்பதுமில்லை. தொழில்ரீதியாக இது தப்பு. மூத்தவர் உதடு தடித்தவர், அழுத்தி ஊதுபவர். அவருக்குப் பழகிய சீவாளி கனத்தது. இளையவர் உதட்டுக்கு அது பாதிதான் திறக்கும். அதைப் பேச வைக்க இன்னும் அழுத்த வேண்டும், ஏற்கெனவே புண்ணான உதடு இன்னும் கெடும். சுருதியும் தாழும். தாழ்ந்த சுருதியைத் தூக்கக் கெண்டையை உள்ளே தள்ளினால் குழல் நீளம் குறைந்து ஷட்ஜம் சரியாகும். ஆனால் மேல் ஸ்தாயி அதைவிட அதிகமாக ஏறிவிடும். கெண்டையில் நூல் சுற்றைக் கூட்டிக் குறைத்து அவர் பட்ட பாடெல்லாம் இதனால்தான். அந்தச் சீவாளிகளை விட்டுத் தன்னுடையதற்குத் திரும்பியதும் பிரச்சினையில் பெரும்பங்கு தீர்ந்தது.

நினைவாக வைக்க வேண்டியதை வைக்கட்டும். ஆனால் பூஜை அலமாரியில் வைத்த நாயனம் ஊதாமலே கிடந்தால் கெடும். நூல் சுற்று தளர்ந்து உலவின் அடியில் உள்ள அணசு ஆடத் தொடங்கும், மெழுகு உலர்ந்து உதிரும். மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது எடுத்து ஊதித் துடைத்து வைப்பது நல்லது. சீவாளிக்கு அந்த ஆயுள் கிடையாது. இரண்டு மழைக்காலம் தாண்டினால் அது வெறும் பொருள்தான்.

முகாரி எங்கே?

துக்கம் என்றதும் முகாரி என்பது நம் ஊர்ப் பழக்கம். ‘முகாரி பாடாதே’ என்று வீட்டில் அதட்டும் அளவுக்கு அது ஊறிப்போயிருக்கிறது. ஆனால் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் (1767–1847) முகாரியில் வைத்த ‘எந்தநினே’ சபரியின் பாக்கியத்தை வியக்கும் பாட்டு. ‘காருபாரு’ ராமராஜ்ய நிர்வாகத்தின் சிறப்பைச் சொல்வது. அவர் பூஜித்த ராம விக்கிரகத்தை அண்ணன் காவிரியில் எறிந்துவிட்டார், அதைத் தேடித் தவித்தபோது பாடியவை சில உண்டு என்று மரபு சொல்கிறது. அந்தத் தவிப்புக்குக் காட்டப்படும் ‘நேனெந்து வெதகுதுரா’ கர்நாடக பெஹாக்கில் இருக்கிறது. கிடைத்தபின் பாடியதாகச் சொல்லும் ‘கனுகொண்டினி’ பிலஹரியில். கதையை எவ்வளவு நம்புவது என்பது அவரவர் விருப்பம். இழப்பைச் சோக முத்திரை குத்திய ராகத்தில்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அந்த மரபில் இல்லை என்பதற்கு இவ்வளவு போதும்.

தம்பி ஒருமுறை முகாரி எடுத்தார். ஒரு கல்யாணத்தின் முதல் நாள் மாலை, ஜானவாசத்துக்கு முன். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, “தம்பி, நல்ல காரியம் நடக்கற வீடு. வேற ஏதாவது வாசிங்க” என்று தணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். கலைஞர் இதில் கோபப்பட ஒன்றுமில்லை; காசு கொடுத்து மங்கல இசைக்கு அழைத்தவர் கேட்பது நியாயம். அதற்குப் பிறகு அவர் முகாரியை எடுத்ததில்லை. எங்களைக் கேட்டால் அந்தப் பெரியவர் அவருக்கு நல்லது செய்தார். முகாரியில் போயிருந்தால் கேட்பவர்கள் எதிர்பார்த்த சோகம் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். அவர் தேடியது கிடைத்திருக்காது.

வேறொன்று அவர் வாசிப்புக்குள் வந்தது, அவர் அறிந்து வந்ததா என்று சொல்ல முடியாது. ஒப்பாரியின் உருவம் அது. சாவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு அழும்போது வரி மேலே தொடங்கும்; ஒரே மூச்சில் சறுக்கிக்கொண்டே இறங்கும்; கடைசி உயிரெழுத்து இழுபட்டு, விசும்பலில் முறியும். பெரும்பாலும் நாலைந்து ஸ்வரத்துக்குள் அடங்கும். அழுவதற்குப் பெண்களிடம் ஒரு வடிவம் இருக்கிறது. ஆண்கள் திண்ணையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பதினாறு நாள் அண்ணியும் அக்காமார்களும் அழுததைக் கேட்ட காது, அடுத்த வருஷம் தோடியில் தார காந்தாரத்திலிருந்து இறங்கும் பிடிகளில் (ராகத்தின் சிறு தொடர்களில்) அதே வளைவைப் போட்டது. முன்பு அந்த இடத்தில் கண்டிப்பாக ஒரு பிர்கா இருக்கும். இப்போது ஒரு சறுக்கல், முடிவில் மூச்சு லேசாக உடைகிறது. தோடி தோடியாகவே இருந்தது, முகூர்த்த வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

தவில்காரர் செய்தது

அண்ணனின் ராகம் கரஹரப்பிரியா. அவர் கீழே தொடங்கி ஷட்ஜத்துக்கு வரவே கால் மணி எடுத்துக்கொள்வார். தம்பி ஒரு வருஷம் அதைத் தொடவில்லை. தலைத் திவசம் கழிந்த பிறகு ஒரு வைகாசிப் புறப்பாட்டில், தெற்கு வீதி திரும்பியதும், கூட்டத்தில் ஒருவர் கேட்டதற்காக எடுத்தார். எடுத்தது பஞ்சமத்தில். கீழ்ப் பகுதியே இல்லை. ஜோடியாக வாசித்த காலத்தில் தான் நுழையும் இடத்திலேயே நுழைந்து, மேலே தன் பங்கை மட்டும் வாசித்தார். விஷயம் தெரியாதவருக்கு அது தலை இல்லாத ஆலாபனை.

பிறகு அது வளர்ந்த விதம்தான் இந்த நிகழ்வில் முக்கியமானது. அடுத்தடுத்த மாதங்களில் அண்ணன் வாசிப்பாரே, அந்த இடங்களை அவர் நிரப்பப் பார்க்கவில்லை. பஞ்சமத்தில் ஒரு பிடி, பிறகு நிறுத்தம். சுருதி மட்டும் ஓடும். மறுபடி ஒரு பிடி. நாயனம் நின்றால் தவில் பாய்ந்து நிரப்புவது படுகையின் வழக்கம், முதல் சில தடவை தவில்காரரும் அப்படித்தான் செய்தார். கூடு போட்ட விரல்கள் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் சும்மா இருக்காது. பிறகு ஒருநாள் அவராகவே சொன்னார்: “நீ நிறுத்தற எடத்துல இனிமே நான் வரமாட்டேன் மாப்ளே. தொப்பியில ஒரு தட்டு, அவ்ளோதான்.” பூவரசங்கம்பால் தொப்பியில், அதாவது இடப்பக்கத்தில், ஒரே ஒரு தட்டு, தளர்வாக. ஆலாபனையில் தவில் ஒதுங்கிக்கொள்வது புதிதல்ல. நிறுத்தத்தை இருவரும் சேர்ந்து அளந்து வைத்ததுதான் இங்கே புதிது. முன்பு அண்ணன் ஒரு பிடிக்கு எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு நேரம் சும்மா விட்டார்கள்.

இப்படி விடுவதால் நடைமுறையில் சில மாறின. ராகம் நீண்டது, வாசிக்கும் அளவு குறைந்தது, உதட்டுக்கு ஓய்வு கிடைத்தது. ஓய்வு கிடைத்ததால் துத்துக்காரம் திரும்பி வந்தது. பிர்காவும் வந்தது, முன்னைவிடக் குறைவாக, தேவைப்பட்ட இடத்தில் மட்டும். தவிலின் தனி ஆவர்த்தனத்துக்குத் தம்பி முன்பைவிடச் சீக்கிரம் இடம் விட்டார். கீர்த்தனையில் மூச்சு ஓட்டையை மறைக்கப் பார்ப்பதை விட்டு, சாகித்தியத்தில் சொல் முடியும் இடம் பார்த்து மூச்சை வைத்தார். இதனால் பாட்டுத் தெரிந்தவர்களுக்குச் சொல் கேட்க ஆரம்பித்தது. இரண்டாம் வருஷக் கடைசியில் கேட்ட வாசிப்பைத்தான் இழப்பிலிருந்து பிறந்த கலை என்று நாங்கள் சொல்வோம். முதல் நாலு மாதத்து இழைப்பை அல்ல.

எல்லோரும் இந்த வழியில் வருவதில்லை, வர வேண்டும் என்றும் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி 1997-இல் கணவர் சதாசிவம் மறைந்ததோடு மேடையை விட்டார். அதுவும் ஒரு சங்கீத முடிவுதான். ஆனால் அப்படி நிறுத்திக்கொள்ள முறைக்கார மேளக்காரருக்கு வசதி கிடையாது.

பங்கும் பையனும்

குழுவின் வருமானத்தில் நாயனத்துக்கும் தவிலுக்கும் பெரிய பங்கு, சுருதி பிடிக்கும் ஒத்து அல்லது சுருதிப்பெட்டிக்கும் தாளத்துக்கும் சிறியது. அண்ணன் பங்கை ஒரு வருஷம் அண்ணி வீட்டுக்கே கொடுப்பது என்று தம்பி முடிவெடுத்தார். நல்ல முடிவு. ஆனால் கூலிக்கு அழைத்த இரண்டாம் நாயனத்துக்குத் தன் பங்கிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அதை ஈடுகட்ட முகூர்த்த நாளில் காலை ஒரு மண்டபம், மாலை ஒரு மண்டபம் என்று ஒத்துக்கொண்டார். உதட்டுப் புண் ஆறாததற்குச் சீவாளி பாதிக் காரணம், இது மீதி. இப்படிப்பட்ட நேரத்தில் பங்குக் கணக்கைக் குழு முழுவதும் உட்கார்ந்து பேசி, அண்ணி வீட்டுக்குப் போவதை எல்லோர் பங்கிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பதுதான் தாங்கும் வழி. தவில்காரர் இதை முதலிலேயே சொன்னார். தம்பி கேட்டது எட்டாம் மாதம்.

கூலிக்கு வந்த இரண்டாம் நாயனங்கள் யாரும் நிலைக்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் இரண்டரைக் கட்டை நாயனம் கொண்டுவந்தார். அதை இரண்டுக்கு இறக்கக் கெண்டையை வெளியே இழுத்ததில் கீழ் ஸ்தாயி குழைந்துபோனது. இன்னொருவர் நன்றாக வாசிப்பவர். அண்ணன் மாதிரியே மூச்செடுக்கப் பார்த்தார். தம்பிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. கடைசியில் இரண்டாம் நாயனம் வேண்டாம் என்று, ஆலாபனைக்குச் சுருதிப்பெட்டியும் கீர்த்தனைக்குத் தன் ஒற்றை மூச்சுமாகவே நடத்தினார். மேலே சொன்ன மாற்றம் எல்லாம் அதற்குப் பிறகுதான் பிடித்தது.

இப்போது அண்ணன் மகனுக்குப் பதினாலு வயது. தாளம் போட்டுப் பின்னால் உட்காருகிறான். சரளி, ஜண்டை முடித்து அலங்காரத்தில் இருக்கிறான். அப்பாவின் நாயனத்தை அவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. இப்போது கொடுப்பது சரியல்ல. பாரியில் கீழ்த் துளைகளுக்கு அந்த வயது விரல் எட்டாது. எட்டவைக்க மணிக்கட்டை வளைத்துப் பழகினால் துளை முழுதாக மூடாமல் காற்றுக் கசியும், அந்தக் கைப்பழக்கம் பிறகு போகாது. குட்டையான, நாலு கட்டை நாயனம் ஒன்றில் வர்ணம் வரை முடிக்கட்டும். அந்தக் காலத்தில் சித்தப்பா ஆலாபனை செய்யும்போது ஷட்ஜக் கார்வை பிடிக்கவும் முடியாது, சுருதி ஒட்டாது. தாளத்தோடு நிற்க வேண்டியதுதான். பதினேழு பதினெட்டில் பாரிக்கு மாறும்போது பழையதற்கு ஒட்டுப்போடாமல், ஒரே மரத்தில் இரண்டு நாயனம் புதிதாகக் கடையச் சொல்வது நல்லது. பழைய முதிர்ந்த ஆச்சாவில் இரண்டு உலவுக்கான நீளம் ஒன்றாகக் கிடைப்பது அரிது. ஆகவே இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.